டிராஃப்டில் மேலேறுவதா, மலிவான ஃப்ரீ ஏஜென்டைப் பிடிப்பதா? என்பிஏ அணியின் கோடைக்காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூன் 25 இரவு புரூக்ளினில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்ட், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடந்துகொண்டிருந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் தன்னிடமிருந்த 23ஆம் தேர்வைக் கொடுத்து அட்லாண்டா ஹாக்ஸிடமிருந்து 13ஆம் தேர்வை வாங்கியது. டெரிக் குயின் என்ற இளம் சென்டரை (கூடையருகே ஆடும் பெரிய ஆள்) எடுப்பதற்காக இந்தப் பேரம். பத்து இடம் மேலேறியதற்குக் கூடுதல் விலை 2026ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்று. அதுவும் பெலிக்கன்ஸின் சொந்தத் தேர்வு, மில்வாக்கி பக்ஸின் தேர்வு ஆகிய இரண்டில் எது மேலானதோ அது, எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் (தேர்வு மிக மேலே அமைந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்ற ஷரத்து) இல்லாமல். அப்போதுதான் முடிந்திருந்த சீசனில் 21 ஆட்டங்களில் வென்று 61 ஆட்டங்களில் தோற்ற அணி இந்த உறுதியைக் கொடுத்தது.

குயின் பெரிய ஆட்டக்காரராக வளரலாம். ஆனால் கொடுத்த விலை சரியா என்பதை, பொது மேலாளருக்கு அந்த இரவில் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட முடியும். கடைசி வரிசையில் நிற்கும் ஓர் அணி அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கக்கூடும் என்பது அந்த இரவில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வழிகாட்டி உங்களைப் பொது மேலாளரின் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசுகிறது. கையில் சில தேர்வுகள் இருக்கின்றன, சம்பளக் கணக்கில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அணியில் மூன்று நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. ஜூன் இறுதியில் டிராஃப்ட். அதை ஒட்டியே ஃப்ரீ ஏஜென்ட் சந்தை, அதாவது ஒப்பந்தக் கட்டு இல்லாத ஆட்டக்காரர்களின் சந்தை, திறக்கிறது. தேர்வுகளைச் செலவழித்து மேலேறி ஒருவரை எடுப்பதா, தேர்வுகளை வைத்துக்கொண்டு மலிவான ஒப்பந்தங்களில் ஆட்களைச் சேர்ப்பதா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அணியின் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்களில் ஒருவராக வருவார் என்று நீங்கள் உண்மையாகவே நம்பும் ஒருவருக்காக மட்டும் மேலேறுங்கள். ஐந்தாவது ஆள் முதல் பத்தாவது ஆள் வரையிலான இடங்களுக்காக எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஆட்கள் ஜூலையிலும் கிடைக்கிறார்கள், அக்டோபரிலும் கிடைக்கிறார்கள்.

இரண்டு சந்தைகளும் இயங்கும் விதம்

முதல் சுற்றில் எடுக்கப்படும் ஆட்டக்காரரின் சம்பளம் அவருடைய தேர்வு எண்ணைப் பொறுத்து முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளை நீட்டிப்பதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். 2025இல் முதல் தேர்வாக டல்லஸ் மேவரிக்ஸ் எடுத்த கூப்பர் ஃப்ளாகின் முதல் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 1.38 கோடி டாலர். அதே சீசனில் ஓர் அணியின் சம்பள வரம்பு 15.46 கோடி டாலர். அதாவது, ஒரு தலைமுறை ஆட்டக்காரர் என்று பேசப்பட்டவர் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் நான்கு ஆண்டுகள் கிடைக்கிறார். டிராஃப்ட் தேர்வுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு இதுதான் காரணம். திறமை மட்டுமல்ல, திறமைக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியையே அணிகள் வாங்குகின்றன.

மலிவான ஃப்ரீ ஏஜென்ட் என்று நான் சொல்வது நான்கு வகையினரை. முதல் வகை, டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்கள். அவர்களை டூ-வே ஒப்பந்தத்தில், அதாவது என்பிஏ அணிக்கும் அதன் ஜி லீக் (வளர்ச்சி லீக்) அணிக்கும் மாறி மாறி ஆடும் ஒப்பந்தத்தில், சேர்க்கலாம். 2017-18இல் அணிக்கு இரண்டு இடங்களுடன் தொடங்கிய இந்த ஏற்பாடு 2023 முதல் மூன்று இடங்களாகியிருக்கிறது. 2025-26இல் டூ-வே சம்பளம் சுமார் 6.36 லட்சம் டாலர். அது சம்பள வரம்புக் கணக்கில் சேர்வதில்லை. இத்தகைய வீரர் என்பிஏ ஆட்டங்களில் 50க்கு மேல் அணியில் இடம்பெற முடியாது. முழு ஒப்பந்தத்துக்கு மாற்றப்பட்டால்தான் பிளேஆஃபில் ஆட முடியும். இரண்டாம் வகை, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரும் அனுபவசாலிகள். மூன்றாம் வகை, மிட்-லெவல் விதிவிலக்கின் (சம்பள வரம்பைத் தாண்டிய அணியும் நடுத்தரச் சம்பளத்தில் ஆள் சேர்க்க விடும் விதி) ஒரு பகுதியைக் கொடுத்துச் சேர்க்கும் ஆட்கள். நான்காம் வகை, வேறோர் அணி நடுவழியில் விடுவித்தவர்கள்.

குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஒரு சலுகை உண்டு. பத்தாண்டோ அதற்கு மேலோ அனுபவம் உள்ளவருக்கு 2025-26இல் குறைந்தபட்சம் சுமார் 36.3 லட்சம் டாலர். ஆனால் ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தால் அணியின் கணக்கில் ஏறுவது சுமார் 22.96 லட்சம்தான், மீதியை லீக் ஈடுசெய்துவிடும். மூத்தவர்களை வேண்டாம் என்று அணிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது.

படி 1: ஓட்டை எங்கே என்று எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் அணியின் முதல் எட்டுப் பேரைத் தர வரிசையில் எழுதுங்கள். பிறகு உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த அணி எதனால் தோற்கிறது? ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் பந்தை நம்பிக் கொடுக்க ஆள் இல்லாததாலா? அல்லது முதல் ஐவர் உட்கார்ந்தவுடன் முன்னிலை கரைந்துவிடுவதாலா?

முதல் நோய்க்கு மலிவுச் சந்தையில் மருந்து அரிது. டிராஃப்டில் தேர்வாகாமல் வந்து நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்ற பென் வாலஸைப் போன்றவர்கள் உண்டு. ஆனால் அவர்களை எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது. இரண்டாம் நோய்க்கு டிராஃப்டில் மேலேறுவது தவறான மருந்து. 19 வயது இளைஞர் ஒருவர் முதல் சீசனிலேயே நிலையான துணை ஆட்டக்காரராக இருப்பது அரிது. தடுப்பு முறைகள் பழகவே அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த இரண்டையும் பிரித்தறிந்து செயல்பட்டதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். 2011 டிராஃப்டில் அவர்கள் ஜார்ஜ் ஹில்லை இண்டியானாவுக்குக் கொடுத்து 15ஆம் தேர்வின் வழியாகக் காவை லெனார்டைப் பெற்றார்கள். ஹில் பயனுள்ள, எல்லோரும் விரும்பிய துணை ஆட்டக்காரர். அவரைப் போன்ற ஒருவரை மறுபடி தேடிக்கொள்ளலாம், லெனார்டைப் போன்ற ஒருவரை முடியாது என்பதுதான் கணக்கு. அதே காலத்தில் அவர்கள் துணை இடங்களை எப்படி நிரப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளீவ்லாந்து கைவிட்ட டேனி கிரீனை 2010 நவம்பரில் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் விடுவித்தார்கள். 2011 மார்ச்சில் மீண்டும் சேர்த்தார்கள். 2012இல் சார்லட் விடுவித்த போரிஸ் டியாவை எடுத்தார்கள். 2013 இறுதித் தொடரில் கிரீன் 27 மூன்று-புள்ளி எறிதல்களைக் கூடையில் போட்டு அன்றைய சாதனையை முறியடித்தார். 2014இல் ஸ்பர்ஸ் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் லெனார்ட். அதே தொடரில் டியா தொடக்க ஐவருக்குள் வந்த பிறகுதான் ஆட்டம் முழுவதுமாக ஸ்பர்ஸின் பக்கம் சாய்ந்தது.

படி 2: ஒரு பெயரையும் ஒரு படிநிலையையும் முடிவு செய்யுங்கள்

மேலேறும் அணிகள் செய்யும் பெரிய பிழை, எண்ணைத் துரத்துவது. 13 என்ற எண்ணில் எதுவும் இல்லை. அங்கே கிடைக்கும் மனிதரிடம்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் பட்டியலைப் படிநிலைகளாகப் பிரியுங்கள். இவர்கள் நட்சத்திரமாகலாம், இவர்கள் தொடக்க ஐவரில் இருக்கலாம், இவர்கள் அணியில் நிலைக்கலாம் என மூன்று நிலைகள் போதும். நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கும் ஏற நினைக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு படிநிலை மாறவில்லையென்றால், பேச்சுவார்த்தையை அங்கேயே நிறுத்துங்கள்.

முதல் தேர்வு என்பதாலேயே படிநிலை உயர்ந்துவிடாது என்பதற்கு 2017 சான்று. ஃபிலடெல்ஃபியா தன் மூன்றாம் தேர்வையும் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வொன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்து முதலிடத்துக்கு ஏறி மார்க்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. பாஸ்டன் மூன்றாவதாக ஜேசன் டேட்டமை எடுத்தது. தோள்பட்டைப் பிரச்சினையும் எறிதல் குலைவும் சேர்ந்து ஃபுல்ட்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்காக 33 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். டேட்டம் 2024இல் பட்டம் வென்றார். ஃபுல்ட்ஸின் உடல்நிலையை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. அதற்காக நான் அந்த அணியைக் குறை சொல்லவில்லை. பாஸ்டன் தன் பட்டியலில் டேட்டமையே மேலே வைத்திருந்தது என்பதும், அதனால் இரண்டு இடம் இறங்குவது தங்களுக்கு இழப்பே இல்லை என்று அது கண்டுகொண்டதும்தான் இங்கே பாடம். உங்களோடு பேரம் பேசும் அணி ஏன் இறங்கச் சம்மதிக்கிறது என்று கேளுங்கள்.

மறுபக்கம் 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் செய்தது. 12இல் இருந்த அவர்கள் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைச் சேர்த்துக் கொடுத்து சார்லட்டிடமிருந்து 11ஆம் இடத்தை வாங்கினார்கள். ஒரே ஓர் இடம். எடுத்த ஆள் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர். 2019இல் அவரை ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள் என்பதும், அங்கே அவர் 2025இல் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் பட்டமும் வென்றார் என்பதும் வேறு கதை. டிராஃப்ட் இரவைப் பொறுத்தவரை, பெயரைத் தெளிவாக வைத்துக்கொண்டு சின்ன விலையில் ஏறிய ஏற்றம் அது.

11 முதல் 15 வரையிலான இந்தப் பகுதி தனிக் கவனத்துக்கு உரியது. யானிஸ் அன்டெடோகும்போ 15, லெனார்ட் 15, டெவின் புக்கர் 13, டோனவன் மிட்செல் 13, டைரீஸ் ஹாலிபர்ட்டன் 12. நட்சத்திரங்கள் இங்கே வரை நழுவி வருகிறார்கள். ஆகவே 20களிலிருந்து இங்கே ஏறுவது சில ஆண்டுகளில் அருமையான முடிவு. ஆனால் எந்த நட்சத்திரம் நழுவுகிறார் என்று லீக் முழுவதற்கும் தெரிந்திருந்தால் அவர் நழுவியே இருக்க மாட்டார். உங்களுக்கு மற்றவர்களைவிட ஒன்று கூடுதலாகத் தெரியும் என்ற நியாயமான காரணம் இருந்தால் மட்டும் இங்கே பணத்தைக் கொட்டுங்கள்.

படி 3: எதை விலையாகக் கொடுப்பது

வழிகாட்டியின் மிக முக்கியமான படி இது. மேலேறுவதற்குக் கொடுக்கும் விலை பல வடிவங்களில் இருக்கிறது. எல்லா வடிவங்களும் ஒரே வலியைத் தருவதில்லை.

மிகவும் வலிப்பது, பாதுகாப்பு நிபந்தனை இல்லாத எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு. உங்கள் அணி சரிந்தால் அந்தத் தேர்வு லாட்டரிக்குள் (பிளேஆஃபுக்குப் போகாத அணிகளின் மேல் தேர்வுகளுக்கான குலுக்கல்) போய்விடும். சரிவின் ஒரே ஆறுதலும் அடுத்தவருக்குப் போய்விடும். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் முதல் சுற்றுத் தேர்வுகளை இப்படித் தொடர்ந்து விற்றுத் தள்ளியதால்தான், அடுத்தடுத்த எதிர்கால ஆண்டுகள் இரண்டிலும் முதல் சுற்றுத் தேர்வு இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது என்ற விதியே வந்தது. இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது.

பாதுகாப்பு நிபந்தனையுடன் கொடுத்தால் வலி பாதியாகும். 2018இல் டல்லஸ் ஐந்தாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறி லூகா டோன்சிச்சைப் பெற்றது. அட்லாண்டாவுக்குக் கொடுத்தது ஐந்தாம் தேர்வான ட்ரே யங்கையும், 2019இன் முதல் சுற்றுத் தேர்வையும். அந்தத் தேர்வு முதல் ஐந்துக்குள் வந்தால் டல்லஸே வைத்துக்கொள்ளும் என்ற நிபந்தனை இருந்தது. கடைசியில் அது பத்தாம் தேர்வாகப் போய்ச் சேர்ந்தது. அணியே சரிந்து முதல் ஐந்துக்குள் விழும் ஆபத்து உண்மையானது என்பதை உணர்ந்து எழுதப்பட்ட நிபந்தனை அது. பெலிக்கன்ஸ் 2025இல் இப்படி ஒரு வரி எழுத வைத்திருந்தால் என் விமர்சனத்தில் பெரும்பகுதி இருந்திருக்காது.

அடுத்தது, தன் இடத்தைக் கண்டுபிடிக்காத ஓர் இளம் ஆட்டக்காரரைச் சேர்த்துக் கொடுப்பது. யூட்டா 2017இல் ட்ரே லைல்ஸையும் 24ஆம் தேர்வையும் டென்வருக்குக் கொடுத்து 13ஆம் இடத்தில் டோனவன் மிட்செலை எடுத்தது. எதிர்காலத் தேர்வு எதுவும் கைமாறவில்லை. ஏற்றங்களில் இதைவிடச் சுத்தமான ஒன்றைக் காட்டுவது கடினம்.

நான்காவது வடிவத்தைப் புதிய தலைமுறை மேலாளர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். காலியாக உள்ள சம்பள இடத்தையே விலையாகக் கொடுப்பது. 2023இல் ஓக்லஹோமா சிட்டி 12ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி கேசன் வாலஸைப் பெற்றது. அதற்காக அது செய்தது, 1.7 கோடி டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த டேவிஸ் பெர்டான்ஸை டல்லஸிடமிருந்து ஏற்றுக்கொண்டதுதான். டல்லஸ் 12இல் டெரெக் லைவ்லியை எடுத்தது. விடுபட்ட சம்பள இடத்தை வைத்து சேக்ரமெண்டோவிடமிருந்து 24ஆம் தேர்வையும் வாங்கியது. ஓராண்டுக்குள் லைவ்லி இறுதித் தொடரில் ஆடினார். வாலஸ் 2025 பட்ட அணியின் முக்கிய ஆளானார். இரு பக்கமும் வென்ற பேரம் இது. உங்களிடம் சம்பள இடம் இருந்தால், முதலில் இந்த வழியைத் தேடுங்கள்.

படி 4: ஏப்ரன் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

2023இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் பணக்கார அணிகளின் கைகளைக் கட்டியிருக்கிறது. சம்பளம் வரிக் கோட்டைத் தாண்டினால் அணி அபராத வரி கட்ட வேண்டும்; அதற்கும் மேலே தடைகளைக் கொண்டுவரும் இரண்டு கோடுகளே ஏப்ரன்கள். 2025-26இல் வரிக் கோடு 18.79 கோடி டாலர், முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. இரண்டாம் கோட்டைத் தாண்டியவர்களுக்கு மிட்-லெவல் விதிவிலக்கு இல்லை. இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. பேரத்தில் பணம் அனுப்ப முடியாது. ஏழாண்டுக்கு அப்பால் உள்ள முதல் சுற்றுத் தேர்வும் பேரத்தில் கொடுக்க முடியாதபடி முடக்கப்படும். வேறு அணி விடுவிக்கும் அதிகச் சம்பள ஆட்களைச் சேர்ப்பதற்கு முதல் கோட்டிலேயே தடை வந்துவிடுகிறது.

மினசோட்டா 2024இல் எட்டாம் இடத்துக்கு ஏறி ராப் டில்லிங்ஹமை எடுத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பர்ஸுக்குக் கொடுத்தது 2031இன் நிபந்தனையற்ற முதல் சுற்றுத் தேர்வும், 2030இல் இடமாற்று உரிமையும் (இரு அணிகளின் தேர்வுகளை மாற்றிக்கொள்ளும் உரிமை). மைக் கான்லிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. சம்பளக் கணக்கு நிரம்பி வழிந்தது. நான்காண்டு மலிவு ஒப்பந்தத்தில் ஒரு பந்து நடத்துநர் தேவைப்பட்டார். தர்க்கம் புரிகிறது. ஆனால் 2031இல் அந்த அணி எந்த நிலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றாளைத் தேடுவதற்காக ஏழாண்டுக்கு அப்பால் உள்ள தேர்வைக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல. அதே மினசோட்டாதான் 2019இல் டிராஃப்டில் யாரும் எடுக்காத நாஸ் ரீடைச் சேர்த்து, 2024இல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (மாற்று ஆட்டக்காரர்களில் சிறந்தவர்) விருது வரை வளர்த்தது.

இங்கே ஒரு நுணுக்கம். வரிக் கோட்டுக்கு மேல் நிற்கும் அணி, டிராஃப்டில் தேர்வாகாத புதியவரைக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் சேர்த்தால், வரிக் கணக்கில் அவர் இரண்டாண்டு அனுபவசாலியின் தொகைக்கு ஏறுவார். இரண்டாம் சுற்றில் தானே எடுத்தவருக்கு உண்மையான சம்பளம் மட்டுமே ஏறும். 2025-26இல் அது 22.96 லட்சத்துக்கும் 12.7 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். அதனால் அத்தகைய அணிகள் இரண்டாம் சுற்றுத் தேர்வுகளை வாங்கி வைப்பதில் நியாயம் இருக்கிறது.

படி 5: மலிவாகக் கிடைப்பவர் ஏன் மலிவாகக் கிடைக்கிறார் என்று கண்டறியுங்கள்

ஒரு ஆட்டக்காரர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தீரக்கூடியதா, தீராததா என்பதே உங்கள் வேலை.

தீரக்கூடிய காரணங்களில் முதலாவது காயம். ஓட்டோ போர்ட்டர் 2020-21இல் 2.85 கோடி டாலர் அளவில் சம்பளம் வாங்கியவர். காயங்களால் மதிப்பு இறங்கி 2021இல் கோல்டன் ஸ்டேட்டுக்குக் குறைந்தபட்சத்துக்கு வந்தார். 2022 பட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டு. இரண்டாவது, ஆட்டக்காரரின் உருவமும் ஆட்டமும் பொருந்தாமல் இருப்பது. கேரி பேட்டன் II கார்டின் (வெளியே நின்று ஆடும் சிறிய ஆளின்) உயரம் உள்ளவர், ஆனால் கூடையருகே ஓடி முடிக்கும் பெரிய ஆளைப் போல ஆடுபவர். பல அணிகளுக்கு அவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோல்டன் ஸ்டேட்டேகூட 2021 அக்டோபரில் அவரை விடுவித்துவிட்டு, சில நாளில் 15ஆவது இடத்துக்கு மீண்டும் அழைத்தது. ஸ்டீபன் கரி வெளியே தடுப்பாட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பொருந்தாமையே பலமாக மாறியது. மூன்றாவது, எறிதல் மட்டும் இல்லாத நல்ல தடுப்பாட்டக்காரர்கள். டெரிக் ஜோன்ஸ் ஜூனியர் 2023 கோடையில் டல்லஸுக்குக் குறைந்தபட்சத்துக்கு வந்தார். டோன்சிச், கைரி இர்விங் இருவருக்கும் பக்கத்தில் எதிரணியின் சிறந்த ஆளைக் காக்கும் வேலை அவருக்கு. 2024 இறுதித் தொடரில் தொடக்க ஐவரில் அவர் இருந்தார்.

தீராத காரணம் வயது. 2021இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கிய பிறகு லேக்கர்ஸ் மீதி இடங்களைக் கார்மெலோ அந்தனி, டுவைட் ஹோவர்ட், ட்ரெவர் அரிசா, ரஜான் ராண்டோ போன்ற 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களால் நிரப்பியது. பெயர்கள் பெரியவை, கால்கள் களைத்தவை. அணி 33 வெற்றி, 49 தோல்வியுடன் பிளேஆஃபுக்கே போகவில்லை. அதே கோடையில் தாங்களே டூ-வேயில் வளர்த்த அலெக்ஸ் கரூசோவை நான்காண்டு 3.7 கோடி டாலருக்குச் சிகாகோவிடம் இழந்தார்கள் என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. அந்த அணியில் குறைந்த சம்பளத்துக்கு உண்மையாக உழைத்தவர்கள் 23 வயது மாலிக் மங்க்கும், டிராஃப்டில் தேர்வாகாத ஆஸ்டின் ரீவ்ஸும்தான்.

ஆகவே என் விதி: மலிவு இடங்களில் பெரும்பாலானவை 22 முதல் 28 வயதுக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே ஒரு குறிப்பிட்ட வேலை இருக்க வேண்டும். எல்லாம் கொஞ்சம் தெரிந்தவரைவிட, ஒன்றை முழுமையாகச் செய்பவர் மேல்.

இன்னொன்றும் உண்டு. இவர்களைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. வளர்ப்பது மீதிப் பாதி. மயாமி 2023இல் எட்டாம் இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்து இறுதித் தொடர் வரை போனபோது டங்கன் ராபின்சன், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சென்ட், கேலப் மார்ட்டின் என டிராஃப்டில் தேர்வாகாதவர்கள் நால்வர் முக்கிய நிமிடங்கள் ஆடினார்கள். மயாமியின் ஜி லீக் அணியும், எறிதல் பயிற்சியாளர்களும், உடற்தகுதிக் கட்டுப்பாடும் இல்லாமல் அது நடந்திருக்காது. உங்கள் அணியில் அந்த ஏற்பாடு இல்லையென்றால், டூ-வே இடங்கள் வெறும் எண்ணிக்கைதான்.

படி 6: ஒப்பந்த நீளத்தில் ஏமாறாதீர்கள்

மலிவுச் சந்தையின் மிகப் பெரிய ஆபத்து, வெற்றி. ஆள் நன்றாக ஆடிவிட்டால் அடுத்த ஆண்டு உங்களால் அவரைத் தக்கவைக்க முடியாமல் போகலாம். பேர்ட் உரிமை என்ற விதிதான் இதைத் தீர்மானிக்கிறது. சம்பள வரம்பைத் தாண்டிய அணி, தன்னிடம் ஓராண்டு மட்டும் இருந்தவருக்கு முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம் வரைதான் கொடுக்கலாம். இரண்டாண்டு இருந்தவருக்கு 175 சதவீதம் அல்லது லீக்கின் சராசரிச் சம்பளத்தைச் சற்றுத் தாண்டிய தொகை, இரண்டில் பெரியது. மூன்றாண்டு இருந்தால்தான் அவருக்கு உரிய உச்சச் சம்பளம் வரை போகலாம்.

டென்வர் 2022இல் புரூஸ் பிரவுனை ஏறக்குறைய 65 லட்சம் டாலருக்குச் சேர்த்தது. 2023இல் பட்டம் வென்றது. பிரவுன் உடனே சந்தைக்குப் போனார். டென்வரால் கொடுக்க முடிந்தது சுமார் 78 லட்சம். இண்டியானா இரண்டாண்டுக்கு 4.5 கோடி கொடுத்தது. நியூயார்க் நிக்ஸ் ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனை 2022இல் இரண்டாண்டு 1.6 கோடிக்கு எடுத்து அருமையான சென்டராக மாற்றியது. 2024இல் அவர்களால் தர முடிந்த உச்சம் நான்காண்டு 7.25 கோடி, ஓக்லஹோமா சிட்டி மூன்றாண்டு 8.7 கோடி கொடுத்து அழைத்துப்போனது, அடுத்த ஆண்டே பட்டம் வென்றது.

சரியாகச் செய்தவர்களும் அதே ஓக்லஹோமா சிட்டிதான். லு டார்ட் 2019இல் யாரும் எடுக்காமல் டூ-வேயில் வந்தார். அவர் திறமை வெளிப்பட்டவுடன் 2020 ஜூனில் நான்காண்டு 1.54 கோடி டாலர் ஒப்பந்தமாக மாற்றினார்கள். அது முடிவதற்குள் முழு பேர்ட் உரிமை கைக்கு வந்துவிட்டது. 2022இல் ஐந்தாண்டு 8.75 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள்.

ஆகவே இளம் ஆளாக இருந்தால் ஓராண்டு ஒப்பந்தத்தைத் தவிருங்கள். மிட்-லெவலில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைத்தால் மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தம் எழுதலாம். குறைந்தபட்ச விதிவிலக்கில் இரண்டு ஆண்டுதான் முடியும். இரண்டாம் சுற்றில் எடுத்தவர்களுக்கு 2023 முதல் தனி விதிவிலக்கே இருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தத்தை மூத்தவர்களுக்கு வையுங்கள்.

படி 7: நாட்காட்டியை வைத்து வரிசைப்படுத்துங்கள்

இறுதித் தொடர் முடிந்த மறுநாளே உங்கள் சொந்த ஃப்ரீ ஏஜென்டுகளோடு பேசலாம். யார் தங்குவார், யார் போவார் என்பது டிராஃப்டுக்கு முன்பே ஓரளவு தெளிவாகிவிடும். அதை அறியாமல் மேலேறுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

2024 முதல் டிராஃப்ட் இரண்டு இரவுகளாக நடக்கிறது. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் கிடைக்கும் பகல்பொழுது, 31 முதல் 40 வரையிலான தேர்வுகளைப் பேசி வாங்க ஏற்ற நேரம். இரண்டாம் சுற்று முடியும் முன்பே, தேர்வாகாதவர்களின் முகவர்களோடு தொலைபேசி சூடாகிவிடும். 50க்கு மேல் எடுக்கப்படுவதைவிடத் தேர்வாகாமல் தங்களுக்குப் பொருந்தும் அணியைத் தாங்களே தேர்ந்தெடுப்பதைப் பல முகவர்கள் விரும்புகிறார்கள். அவர்களை ஈர்க்க நீங்கள் காட்ட வேண்டியது உங்கள் வளர்ச்சி ஏற்பாட்டையும், அணியில் உள்ள காலி இடத்தையும்.

ஜூன் 30 மாலை, கிழக்கு அமெரிக்க நேரம் ஆறு மணிக்கு மற்ற அணிகளின் ஃப்ரீ ஏஜென்டுகளோடு பேச்சு தொடங்கும். முதல் இரண்டு நாளில் விலை ஏறிக் கிடக்கும். பெரிய அணிகளின் பணம் தீர்ந்த பிறகு, ஜூலை நடுவில் லாஸ் வேகஸ் கோடை லீக் நடக்கும் வாரத்தில், நல்ல துணை ஆட்டக்காரர்கள் குறைந்தபட்சத்துக்கு இறங்கி வருவார்கள். உங்கள் பட்டியலில் உள்ள இரண்டாம் வகையினரை அப்போது சேருங்கள்.

கடைசிச் சந்தை அக்டோபர். பயிற்சி முகாமில் 21 பேர் வரை இருக்கலாம். சீசன் தொடங்கும்போது 15 முழு ஒப்பந்தமும் மூன்று டூ-வேயும்தான். எல்லா அணிகளும் ஒரே வாரத்தில் ஆட்களை விடுவிக்கும். 2022 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா ஐசயா ஜோவை இப்படி விடுவித்தது. சில நாளில் ஓக்லஹோமா சிட்டி பல ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அந்த சீசனில் அவர் மூன்று புள்ளி எறிதலில் 40 சதவீதத்துக்கு மேல் தொட்டார். 2024இல் நான்காண்டு 4.8 கோடி டாலர் பெற்றார்; 2025 பட்டத்திலும் இருந்தார். எந்தத் தேர்வும் கைமாறவில்லை. அந்த வாரம் முடியும்வரை உங்கள் 15ஆவது இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள். விடுவிப்புப் பட்டியலை ஒவ்வொரு நாளும் படிக்க ஒருவரை நியமியுங்கள்.